உதவித்தொகையில் கிணறு வெட்டலாமா?

சென்னையில் ஒரு கடையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அதற்குப் பில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார். பிறகு, இட்லியில் ஏதாவது விழுந்து கிடந்ததோ என்று தட்டைப் பார்ப்பார். ராயப்பேட்டையில் நான் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியிலிருந்து திருவல்லிக்கேணிப் பக்கமாக நடந்தால் நசீர் பாயின் சாப்பாட்டுக் கடை வரும். நாலு மேசை, ஒரு கல்லாப்பெட்டி, அதற்குப் பின்னால் பாய். நான் வந்து இறங்கிய மறுநாள் காலையில் அங்கேதான் முதல் தடவையாகப் பில் கேட்டேன். "இன்னாமா, இன்கம்டாக்ஸ் ஆபீசா நீ? ரெண்டு இட்லிக்கு யார்மா பில் போடுவா?" என்றார். ஸ்கொலர்ஷிப்பில் படிக்க வந்திருக்கிறேன், கட்டாயம் வேண்டும் என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். முல்லைத்தீவு என்றேன். "அது கேரளாவாண்ட கீதா?" என்றார். என் தமிழைக் கேட்டு மலையாளம் என்று முடிவு கட்டிய முதல் ஆள் அவர். கடைசி ஆள் இல்லை. இலங்கை என்று சொன்னதும் மனிதர் எழுந்தார். நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் இரண்டு இட்லி என்று எழுதி, விலை போட்டு, கையெழுத்தும் வைத்து நீட்டினார். "வெச்சுக்கோ, வூட்டுப் பத்திரம் மாதிரி" என்றார். அன்றிலிருந்து கேட்காமலே தருவார். பதினொரு மாதத்தில் அவருடைய நாட்காட்டி முழுவதும் என் ஃபைலுக்குள் வந்துவிட்டது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்காது. உங்களில் பலருடைய வீட்டிலும் அப்படி ஒரு ஃபைல் இருக்கும், அல்லது இருந்திருக்கும். இந்த நகரத்துக்காரர்களுக்குத்தான் விளங்கப்படுத்துவது கஷ்டம். எனக்கு வந்த உதவித்தொகைக் கடிதத்தில் இரண்டு வகைக் காசு இருந்தது. ஒன்று மாதாமாதம் வங்கியில் விழும் ஸ்டைப்பன்ட். மற்றது கன்டின்ஜென்சி என்ற பெயரில் வருடத்துக்கு ஒரு தொகை. அது சும்மா வராது, நாம் கேட்டு எடுக்க வேண்டும். முதல் பக்கத்தில், இந்தப் பணம் கல்வியின் பொருட்டு வழங்கப்படுகிறது என்று ஒரு வசனம். தாவரவியல் முதுகலை படிக்க வந்தவளுக்கு பயப்படுவதற்கு அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த பக்கங்களை நான் வாசித்தேன், ஆனால் அந்த வசனத்தின் கண்ணாலேயே வாசித்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். போர் முடிந்து, முகாமிலிருந்து எங்களைத் திரும்பக் குடியமர்த்திய பிறகு ஒரு தொண்டு நிறுவனம் அம்மாவுக்குப் பன்னிரண்டு கோழியும் கம்பிவலைக் கூடும் தந்தது. அப்பா இல்லாத வீடுகளுக்கு முன்னுரிமை. எங்கள் வீட்டில் அப்பா இல்லை. அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு இலக்கம் வந்தது. பயனாளி என்று ஒரு பட்டமும் வந்தது. கூட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, அம்மாவைக் கூட்டுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஜீப் வரும். இறங்கிக் கோழிகளை எண்ணுவார்கள், எழுதுவார்கள், போவார்கள். அடுத்த பட்டியல் கிணற்றுக்கு என்று சொன்னார்கள். அதிலும் எங்கள் பெயர் இருந்தது. அம்மா அப்போது கால் மைல் நடந்துபோய் இன்னொரு வளவுக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தா. அந்த வீட்டுக்காரருக்கு மனம் இருந்தால் அள்ளலாம், இல்லாவிட்டால் வாசல் படலையில் காத்து நிற்க வேண்டும்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ரியூசன் வகுப்புக்கும் எழுதுகிற கொப்பிக்கும் காசு வேண்டும் என்று நான்தான் நச்சரித்தேன். அம்மா எட்டுக் கோழியைச் சந்தையில் விற்றா. அந்தக் கிழமையே, நாலைந்து நாளில், ஜீப் வந்தது, வேறு எப்போது வரும்? "எட்டையும் நாய் பிடிச்சுப் போட்டுது சேர்" என்றா அம்மா. கையில் பேனையோடு நின்றவர் என் பக்கம் திரும்பி, "ஓமோ தங்கச்சி?" என்று அன்பாகத்தான் கேட்டார். பள்ளிக்கூடத்தில் உண்மை பேச வேண்டும் என்று எழுதி எழுதிக் கை வலித்த வயது அது. "இல்லை சேர், அம்மா வித்தவா. எனக்குக் கொப்பி வாங்க" என்றேன். அவர் எழுதினார். கிணற்றுப் பட்டியல் வந்தபோது எங்கள் பெயர் அதில் இல்லை. அம்மா என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வழமைபோல நடந்து போனா. அடித்திருந்தால் அன்றைக்கே நான் அழுது முடித்திருப்பேன். அம்மாவுக்கு நான் ஒரு கிணறு தர வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து எனக்குள் இருக்கிறது.

இப்போது விளங்கியிருக்கும். சென்னையில் என் கணக்கில் முதல் மாதக் காசு விழுந்தபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை, ஜீப் சத்தம்தான் கேட்டது. என்றாவது ஒரு நாள் ஒருவர் வருவார், எண்ணுவார். அன்றைக்கு என்னிடம் பதில் இருக்க வேண்டும். சாப்பிட்ட இட்லியை யாருக்குக் காட்டுவது? அதனால் இட்லிக்குப் பில். பஸ் ரிக்கற், குளிக்கிற சவர்க்காரம், தலைவலி மாத்திரை, எல்லாவற்றுக்கும் பில் துண்டு. புத்தகங்களுக்கு மட்டும் பில் வாங்கவில்லை. புத்தகம் என்றால் கோழி மாதிரி, கூட்டில் நிற்கும், வருகிறவர் எண்ணிக்கொள்ளலாம். மயிலாப்பூரில் லஸ் பக்கம் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் சேகர் அண்ணாவிடம் பேரம் பேசிப் பேசிப் பதினொரு புத்தகம் சேர்த்தேன். மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தினேன். செருப்பு அறுந்தபோது ஊசி நூலால் தைத்தேன். அறையில் என்னுடன் இருக்கும் பெண் துணி வாங்க என்னைத் தி. நகருக்கு இழுத்துக்கொண்டு போவாள். அந்தச் சனக்கூட்டத்தில் அவளுடைய பைகளைச் சுமந்தபடி கடைக்கு வெளியே நிற்பேன். "ஒரு ஜூஸாவது குடிச்சித் தொலைடி மச்சி" என்று திட்டுவாள். பசிக்கவில்லை என்று சொல்வேன். பொய், நல்ல பசி.

ஆனால் நான் பயத்தில் மட்டும் பட்டினி கிடக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மாதாமாதம் மிஞ்சுகிற காசு கணக்கில் ஏறிக்கொண்டு போனது. ஊரில் கிணறு வெட்டுகிற ஆளிடம் அம்மாவுக்குத் தெரியாமல் ஃபோனில் விலையும் கேட்டு வைத்திருந்தேன். என் திட்டம் இதுதான்: வருடக் கடைசியில் ஃபைலைக் கொண்டுபோய் வைத்து, பாருங்கோ, நான் எடுத்தது இவ்வளவுதான், மிச்சத்தை அம்மாவுக்குக் கிணறு வெட்டத் தருவீர்களோ என்று கேட்பது. அதற்குத்தான் அந்த ஃபைல். முன்கூட்டியே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்கிறவனின் பெயரைத்தான் முதலில் வெட்டுவார்கள் என்று ஊரில் படித்தவள் நான்.

மார்ச் கடைசி வாரம் அடையாறில் எங்கள் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். உதவித்தொகை மாணவர்களைப் பார்த்துக்கொள்கிறவர் கல்யாணி மேடம், மயிலாப்பூர்க்காரர். மேசையில் ஃபைலை வைத்து, மிச்சக் காசைப் பற்றிக் கதைக்க வந்தேன் என்றேன். "மிச்சக் காசா? ஃபீஸ் பாக்கியா? ஒனக்கு ஃபீஸ்தான் நேரா அங்கேர்ந்தே வந்துடறதே" என்றார். ஃபீஸ் இல்லை, ஸ்டைப்பன்டில் மிஞ்சியது, எல்லாத் துண்டும் இதில் இருக்கிறது என்றேன். அவர் ஃபைலைத் திறந்தார். "ரெண்டு இட்லி. ரெண்டு இட்லி. ஒரு டீ. ரெண்டு இட்லி. என்னடி இது?" பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவர் முகத்தில் சிரிப்புப் போய் வேறொன்று வந்தது. குரலைத் தணித்து, "யாராவது ஒன்னை மெரட்டறாளா? ஹாஸ்டல்ல பணம் கேக்கறாளா? தைரியமாச் சொல்லு" என்றார். வாயில் இருந்ததை அப்படியே கொட்டினேன்: "இல்லை மேடம். இந்த மிச்சத்தில அம்மாவுக்குக் கிணறு வெட்டலாமோ, இல்லாட்டித் திருப்பித் தர வேணுமோ?"

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மாசாமாசம் வர்றது ஒன்னோட காசுடி. சாப்பிடு, சினிமா பாரு, கெணறு வெட்டு, கொளம் வெட்டு. ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டா" என்றார். இதைக் கேட்டு நான் துள்ளிக் குதித்திருப்பேன் என்று நினைப்பீர்கள். கோபம்தான் வந்தது. மத்தியானம் மத்தியானமாகத் தண்ணீர் குடித்துவிட்டு ஆய்வுக்கூடத்தில் நின்ற பதினொரு மாதம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கடிதத்தின் மேல் கோபம், ஜீப்பில் வந்தவர்மேல் கோபம், எல்லாவற்றையும்விட என்மேல் கோபம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கிணற்றுக்குக் காசை எப்போதோ கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பத் தொடங்கியிருப்பேன். மேடம் தன் டிஃபன் டப்பாவைத் திறந்து ஒரு தோசையை எடுத்து என் கையில் வைத்தார். அழுதுகொண்டே சாப்பிட்டேன், வெட்கமாகவே இருக்கவில்லை.

நான் மென்று முடிப்பதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டார். "அது கெடக்கட்டும். கன்டின்ஜென்சிக்குப் புஸ்தக பில் எங்கே? அதுக்குத்தாண்டி பில் வேணும். நாளன்னிக்கு சாயங்காலம் நாலு மணியோட க்ளோஸ். அப்பறம் அந்தப் பணம் போயே போச்சு." பில் தேவையில்லாத காசுக்கு என்னிடம் முந்நூறு துண்டு இருந்தது. பில் இருந்தால்தான் வரும் காசுக்கு ஒரு துண்டும் இல்லை. கிணறு வெட்டுகிறவர் சொன்ன விலைக்கு என் மிச்சம் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும்; புத்தகக் காசு திரும்பி வந்தால் சரிக்கட்டலாம். இல்லாவிட்டால் மழைக்கு முன்னால் வெட்ட முடியாது, அம்மா இன்னொரு வருடம் நடக்க வேண்டும். ஃபைலை மேடத்தின் மேசையிலேயே விட்டுவிட்டு லஸுக்கு ஓடினேன்.

சேகர் அண்ணா புத்தகக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாங்கின புத்தகங்களுக்குப் பில் கேட்டேன். "இன்னாமா, பிளாட்பாரத்துல பில்லு புக்கா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினார். "ஷோக்கா ஒரு வேலை பண்லாம். எதுத்தாப்ல ஜெராக்ஸ் கடைல நம்ம ஆளு கீறான். வெள்ளை பில் வாங்கியாறேன், நீயே எய்திக்கோ, எவ்ளோ வோணுமோ." நான் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் போய் வாங்கிக்கொண்டும் வந்துவிட்டார். கடைப் பெயரும் இலக்கமும் முத்திரையும் அடித்த பில், மற்ற இடமெல்லாம் வெறுமை. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாங்கிய விலையை இரண்டு மடங்காக எழுதினால் கிணற்றை வெட்டி, கல்லால் கட்டியும் முடிக்கலாம். அன்றைக்கு அம்மா நாய் என்று சொன்னதுபோல நானும் ஒரு நாயைச் சொல்லிவிட்டால் போதும், இந்தத் தடவை பக்கத்தில் வாயாடிப் பிள்ளை ஒன்றும் நிற்கவில்லை.

நான் பெரிய உத்தமி என்று எண்ண வேண்டாம். எனக்கு வந்தது வீம்பு. ஒரு தடவை உண்மையைச் சொல்லிக் கிணற்றை இழந்தேன், ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லிக் கிணற்றை வாங்கிக் காட்ட வேண்டும் என்ற வீம்பு. வெள்ளை பில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு ஒற்றைத் தாளில் நீங்களே எழுதித் தாங்கோ அண்ணா என்றேன். நான் புத்தகப் பெயர்களைச் சொல்லச் சொல்ல அவர் எழுத்துக்கூட்டி எழுதினார். செடிகளின் பெயர்களில் அவர் பட்ட பாடு இருக்கிறதே! விலைகளை அவரே ஞாபகத்திலிருந்து போட்டார்; ஒன்றில்கூட என்னோடு வாக்குவாதம் இல்லை. கடைசியில் பேனையைத் தூக்கிப் பிடித்து, "கையெய்த்து போட்டா போலீசு கீலீசு வராதே?" என்றார். வராது என்று சத்தியம் செய்தேன். போட்டார்.

மேடம் அந்த ஒற்றையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அச்சடித்த பில் இல்லை, இலக்கம் இல்லை, செல்லாது. நான் நகரவில்லை. "பழைய புத்தகம் மேடம், நடைபாதையில காசு குடுத்து வேண்டினது. புத்தகங்கள் என்னட்டை இருக்கு. வந்து எண்ணிப் பாருங்கோ" என்றேன். "நான் எங்கேடி வந்து எண்றது?" என்று அலுத்துக்கொண்டார். பிறகு தடித்த விதிப் புத்தகம் ஒன்றை இழுத்துப் பத்து நிமிடம் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பழைய புத்தகம் என்றால் துறைத்தலைவர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், கடைக்காரர் எழுதிய சீட்டும் கூட வேண்டும், அப்படியென்றால் எடுக்கலாம் என்றார். "எல்லாப் புஸ்தகத்தையும் நாளைக்கு எடுத்துண்டு வா. ஒண்ணு கொறஞ்சாலும் கேட்டுடுவேன்."

பதினொரு தாவரவியல் புத்தகம் என்ன பாரம் என்று தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். மறுநாள் காலை இரண்டு பையில் அடைத்து, ராயப்பேட்டையில் பஸ் ஏறி, ஒரு பையை மடியிலும் ஒரு பையைக் காலுக்கிடையிலும் வைத்துக்கொண்டு அடையாறு போய்ச் சேர்ந்தேன். துறைத்தலைவர் பகல் முழுவதும் கூட்டத்தில் இருந்தார். வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். அன்றைக்கு அவர் வரவே இல்லை. அடுத்த நாள், கடைசி நாள், திரும்பவும் இரண்டு பை. இரண்டரை மணிக்கு உள்ளே விட்டார்கள். அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். ஓரங்களில் பென்சிலால் நான் எழுதியிருந்த குறிப்புகளைக் கொஞ்ச நேரம் வாசித்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் சீட்டில் கையெழுத்துப் போட்டார். மூன்றே முக்காலுக்கு மேடத்தின் மேசையில் கொண்டுபோய்ப் போட்டேன். பத்துப் புத்தகம் தேறியது. பதினோராவதில் எந்த ஊர் நூலகத்தினுடையதோ ஒரு முத்திரை இருந்தது. "இது எங்கேர்ந்தோ கெளப்பிண்டு வந்தது. இதுக்குப் பணம் குடுத்தா என்னைத் தூக்கி உள்ள வெச்சுடுவா" என்று அதை மட்டும் தள்ளி வைத்தார். நான் அதற்கு வாதாடவில்லை. அவர் முத்திரை குத்திய சத்தம் என் காதுக்கு வெடி கொளுத்தியதுபோல இருந்தது. கன்டின்ஜென்சியில் கேட்காமல் விட்ட மீதித் தொகை போனது போனதுதான்.

இனிமேல் புறப்பட்டு வரப்போகிற பிள்ளைகளுக்கு, எந்த நாட்டுக்குப் போனாலும் சரி, ஒன்று சொல்கிறேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பயந்துகொண்டிருக்காதீர்கள். போன முதல் கிழமையே அலுவலகத்துக்குப் போய், எந்தக் காசு என்னுடையது, எந்தக் காசுக்குப் பில் வேண்டும், எந்தத் தேதியோடு முடியும் என்று கேளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். நாங்கள் உயிரோடு இருப்பதற்கே துண்டு காட்டிப் பழகிய சனம். அந்தப் பழக்கம் விமானத்தில் ஏறினால் கழன்றுவிடாது, நாமாகத்தான் கழற்ற வேண்டும். நான் இப்போது மத்தியானமும் சாப்பிடுகிறேன்.

வங்கியில் படிவத்துக்குமேல் படிவம் நிரப்பி ஒருவழியாகக் காசை அனுப்பினேன். ஆவணியில் வெட்டினார்கள். கிணறு கட்டுவதற்கு இரண்டாம் வருடம் சேர்த்ததில் அனுப்பினேன். அதை இந்தப் பங்குனியில் கட்டி முடித்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. காசு ஊருக்குப் போகலாம். நான் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் நாட்டைவிட்டுப் போனால் அந்த மாதக் காசு நின்றுவிடும் என்று அதே விதிப் புத்தகத்தில் இருக்கிறது. இந்தத் தடவை எல்லாப் பக்கத்தையும் வாசித்திருந்தேன். விடுமுறையும் ஆய்வுக்குச் செடி சேகரிப்பதிலேயே போய்விட்டது.

போன கிழமை விடுதியின் ஆழ்குழாய்க் கிணறு வற்றிவிட்டது. தெருவில் லாரித் தண்ணீருக்கு நின்றேன். இங்கே ஆட்கள் நிற்பதற்கு முன்னால் குடங்கள் வரிசையில் நிற்கும். பிளாஸ்டிக் குடம், பச்சையும் நீலமுமாக. என்னுடையது பதினாலாவது. அப்போது அம்மா வீடியோவில் வந்தா. ஃபோனை யாரோ பிடித்திருக்க, கயிற்றை இழுத்து வாளியை மேலே எடுத்தா. "நல்ல தண்ணி பிள்ளை, துளி உப்புக் கிடையாது. அயலட்டைச் சனமும் இஞ்சைதான் வந்து அள்ளுகினம். நான் ஒருத்தரையும் படலையில நிக்க விடுறேல்லை" என்றா. பிறகு ஃபோனை வாங்கிக் கிணற்றுக்குள் திருப்பிக் காட்டினா. ஆழத்தில் தண்ணீர் அசைந்தது, அதில் அம்மாவின் தலை தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். "இன்னாமா, ஃபோனைப் பாத்துக்கினு நிக்கற? லாரி வந்துடுச்சு பாரு, கொடத்தைத் தள்ளு!" என்று பின்னால் நின்ற அக்கா கத்தினாள். கையில் இருந்த கிணற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், காலால் என் குடத்தை ஒரு அடி முன்னுக்குத் தள்ளினேன்.